நாற்பது பூதங்களும் ஸ்டெல்லா டீச்சரும்

போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியட். பத்தாம் வகுப்பில் முக்கோணத் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆபீஸ் ஆயா வாசலில் வந்து நின்று, "டீச்சர், ஸ்டெல்லா மிஸ் தவறிட்டாங்களாம். ஆஸ்பத்திரியிலேருந்து இப்பதான் போன் வந்துச்சு" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி, பாதியில் நின்ற நிரூபணத்தை எழுதி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முடித்த பிறகு பார்த்தால் கடைசி இரண்டு வரியும் தப்பு. பிள்ளைகள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளி மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அவர் விஷயத்தில் அதில் ஒரு சிரமமும் இல்லை. சிரமமெல்லாம் என் விஷயத்தில்தான். அவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் அதைத் திருத்தவில்லை. அதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லா டீச்சர் இயற்பியல் ஆசிரியை. எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் இந்தப் பள்ளியில் சேர்ந்தோம். அவர் வீடு மேலப்புதூரில். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருடைய இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றுகொண்டு, எதிரே வருகிற பிள்ளையைப் பிடித்து, "நேத்து நடத்தின விதியைச் சொல்லு பார்ப்போம்" என்பார். மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. விதி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

எண்பதுகளின் நடுவில் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றுக்கு ஏ.சி. போட்ட தனி அறை கொடுத்து, எங்கள் இருவரையும் பொறுப்பாகப் போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெயில் காலத்தில் மற்ற டீச்சர்களுக்கு எங்கள் மேல் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட இருந்தது.

ஸ்டெல்லா டீச்சரின் அண்ணனுக்குக் கப்பலில் வேலை. ஜப்பானில் ஏதோ துறைமுகத்தில் ஒரு படப்புத்தகம் வாங்கி வந்து தங்கைக்குக் கொடுத்திருந்தார். அந்த நாட்டுக் கதைகளில் வரும் பூதங்களின் படங்கள். எழுத்து ஒன்றும் புரியாது. யாரையோ விசாரித்து, ஒவ்வொரு படத்தின் கீழும் பென்சிலால் நாலு வார்த்தை எழுதியிருந்தார் அண்ணன். ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலுமாக ஒரு குடை. தலைப் பள்ளத்தில் தண்ணீரோடு திரியும் ஆற்றுப் பூதம். அது குனிந்து வணக்கம் சொன்னால் தண்ணீர் கொட்டி, பலமெல்லாம் போய்விடுமாம். கழுத்து மட்டும் கூரை வரைக்கும் நீளும் ஒரு பெண். கெட்ட கனவைத் தின்னும் தும்பிக்கை மிருகம்.

"நம்ம ஊர்ப் பேய்ங்க எல்லாம் பழி வாங்க வருதுங்க. இதைப் பாருங்க வேதா டீச்சர், வெறும் குடை. நூறு வருஷம் மூலையில கிடந்துச்சு, உயிர் வந்துருச்சு. குதிச்சு நாக்கை நீட்டுறதோட சரி. யாரையும் ஒண்ணும் பண்றதில்ல" என்றார் ஒருநாள்.

அந்தக் குடையைத்தான் முதலில் கம்ப்யூட்டரில் வரைந்தார். கிராஃப் தாளில் பதினாறுக்குப் பதினாறு கட்டம். கறுப்பாக வேண்டிய கட்டங்களைப் பென்சிலால் நிரப்புவார். ஒவ்வொரு வரிசையையும் எண்ணாக மாற்றி அடித்தால், திரையில் பூதம் வந்து நிற்கும். கண்ணுக்கு மட்டும் அரைமணி நேரம் ஆகும். "இங்க போட்டா அழுவுது. ஒரு கட்டம் தள்ளிப் போட்டா சிரிக்குது. ஒரே ஒரு கட்டம்தாங்க" என்பார். முடிந்ததும் ரப்பரால் தாளைச் சுத்தமாக அழித்து, அதே தாளில் அடுத்த பூதத்தை ஆரம்பிப்பார். பள்ளித் தாளைச் சொந்த ஆசைக்கு வீணாக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் ஒரு பூதமும் தாளில் கிடையாது. பாட்டுக் கேட்கிற சாதாரண காஸெட்டில்தான் அந்தக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேமிக்கும். அவருடைய பூதங்கள் அத்தனையும் ஒரே காஸெட்டில் இருந்தன.

ஒன்றரை வருடத்தில் நாற்பது பூதங்கள். குடைக்காரி, தண்ணித்தலையன், கழுத்தழகி என்று பெயர் வைத்து, ஒரு பழைய வருகைப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுதி வைத்திருந்தார். பிள்ளை பெறக் கூடாதென்று டாக்டர்கள் தடுத்திருந்த பெண் அவர். ஸ்டாஃப் ரூமில் யாரோ யோசிக்காமல், "உங்களுக்கென்ன, நாப்பது பிள்ளைங்க" என்றபோது, "ஒண்ணும் ஃபெயில் ஆகாது, அதான் நிம்மதி" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த டிசம்பர் விடுமுறையில் கம்ப்யூட்டர் அறைக்கு வெள்ளையடித்தார்கள். காஸெட்டை என் கையில் கொடுத்து, "எங்க வீட்ல இவரு பாட்டுக் காஸெட்டோட கலந்துடுவாரு. உங்க வீட்ல பத்திரமா இருக்கும்" என்றார். கொண்டுபோய் டேப் ரிக்கார்டர் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து என் மாமனார் சொன்னார்: "அந்த டேப் கெட்டுப்போயிருக்கும்மா. போட்டா ஒரே கிறீச்சுனு கத்தறது. வீணாப் போறதேன்னு, ரேடியோல காலம்பற வர மார்கழி உபன்யாசத்தை அதுல பிடிச்சு வெச்சுட்டேன்." கம்ப்யூட்டர் காஸெட்டைக் காதால் கேட்டால் கிறீச்சென்றுதான் இருக்கும். அவருக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு பக்கமும் உபன்யாசம். நாற்பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பள்ளி திறந்த அன்று, "ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சுட்டேன் டீச்சர். காந்தம் பட்டு அழிஞ்சு போச்சு" என்றேன். இயற்பியல் டீச்சரிடம் சொல்ல நல்ல பொய்தான் கண்டுபிடித்தேன்.

ஸ்டெல்லா டீச்சர் பதிவேட்டைத் திறந்து நாற்பது பெயரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "என் தப்புதாங்க. ரெண்டு காப்பி எடுத்து வெச்சிருக்கணும்" என்றார். "அந்த டேப்பைக் கொடுங்களேன். போட்டுப் பாக்குறேன், நாலஞ்சாவது தேறும்."

"குப்பையில போட்டுட்டேனே" என்றேன்.

அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மாமனார் பெயர் கெடக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ஸ்டெல்லா டீச்சர் என்னோடு பேசாமல் இருந்துவிடுவாரோ என்ற பயம், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே முதலிலிருந்து ஆரம்பித்தார். உடம்பு முன்பு போல ஒத்துழைக்கவில்லை. விரல் நடுங்கும் நாட்களில் அவர் சொல்லச் சொல்ல நான் கட்டங்களை நிரப்பினேன். பலமுறை, "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்திருக்கிறேன். "சொல்லுங்க" என்று முகத்தைப் பார்ப்பார். "மழை வரும் போலிருக்கு" என்று முடித்துவிடுவேன். இருபத்தாறாவது பூதத்தை முடித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

சர்ச்சில் மூன்றாம் நாள் பூசை முடிந்ததும் அவர் கணவர் என்னைக் கூப்பிட்டு ஒரு காஸெட்டைக் கொடுத்தார். "ரெண்டாவது காப்பிங்க. இது வேதா டீச்சர் வீட்லதான் இருக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

காஸெட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால், அதன் மேல் யாராலும் வேறெதையும் பதிய முடியாது. இதில் இரண்டும் உடைக்கப்பட்டிருந்தன. காந்தத்துக்குப் பயந்து யாரும் அதை உடைக்க மாட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வைகுண்ட ஏகாதசிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தபோது, மாமனார் பெருமையாக அந்த உபன்யாசத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். நான் வெளியே வந்தபோது காஸெட்டின் காலி டப்பா ஸ்டெல்லா டீச்சர் மடியில் இருந்தது. அதில் இருந்தது டீச்சருடைய கையெழுத்து. அவர் கவனிக்கவில்லை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். "நல்லாப் பேசுறாருங்க" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் வழக்கம்போல எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

நேற்று பள்ளியில் தனியாக உட்கார்ந்து அந்தக் காஸெட்டை ஓட்டினேன். இருபத்தாறும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன. எல்லாமே சிரித்துக்கொண்டிருந்தன.

ஸ்டெல்லா டீச்சர், காந்தம் இல்லைங்க. அதை நான் சொல்லாமலே நீங்க தெரிஞ்சுக்கிட்டீங்க. தெரிஞ்சும் ஒரு வருஷம் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். நான் தலை குனியறதைப் பாக்க உங்களுக்கு மனசு வரலை. போயிட்டு வாங்க டீச்சர். இந்தத் தடவை காஸெட்டைப் பத்தி வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.