வெள்ளையடித்த கரி

சுண்ணாம்புக்கல் குவாரி ரயிலின் நிலக்கரிக்கு என் மாமனார்தான் காவல். மனுஷர் யாரையும் நம்ப மாட்டார். கரிக்குவியல் மேல் தினமும் சுண்ணாம்புப் பால் தெளிப்பார். ஒரு கட்டியை எடுத்தாலும் அந்த இடம் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடுமாம். ஆனாலும் குவியல் வெள்ளை மாறாமலே, எஞ்சினுக்குப் போட்ட கணக்குக்கு மீறி இளைத்துக்கொண்டு போனது. எஞ்சின் டிரைவரைச் சந்தேகப்பட்டார். சொந்தத் தம்பியின் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்தார். எடுத்தவன் திரும்பவும் தெளித்துவிட்டுப் போகலாமே, குவாரியில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? அது அவருக்கு உறைக்கவேயில்லை. அவர் மதியம் கண்ணயரும்போது மாமியார் காவல் நிற்பார்.

குவாரியை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்த அன்றும், "எவன்னு தெரியாமலே போச்சே!" என்று பல்லைக் கடித்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் நிமிராமலே கேட்டார்: "ஊரெல்லாம் துழாவினீங்களே, நம்ம அடுப்படிய ஒரு நாளாவது எட்டிப் பாத்தீங்களா?"