லொரேட்டாவின் இறக்கை

உலகத்தில் பொய் விற்கிறவர்கள் ஏராளம். விற்கும்போதே "இது பொய்தான்" என்று சொல்லி விற்கிறவள் எங்கள் வுட்வர்ட் சாலையில் லொரேட்டா பிலார்ஸ்கி ஒருத்திதான். கார்களுக்கு அலங்காரம் செய்வது அவள் தொழில். மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் என்று உறுமுகிற ஜாதி வண்டி எதுவானாலும் சரி, தலையிலிருந்து வால்வரை பட்டைக் கோடு ஒட்டுவாள், பானட் மேல் காற்று வாங்குகிற மாதிரி ஒரு கூடு வைப்பாள், விலாவில் மீன் செவுள் மாதிரி துளைகள் பதிப்பாள், பின்னால் இறக்கை பூட்டுவாள். அந்தக் கூட்டுக்குள் காற்று போகாது. அந்தச் செவுளுக்குப் பின்னால் வெறும் தகரம்தான்.

"இதைப் போட்டா வண்டி வேகமாப் போகுமா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை.

"போகாது. நின்னுட்டு இருக்கும்போதே போற மாதிரி தெரியும். அதுக்குத்தான் காசு," என்பாள்.

வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை அவள். ஏழு வருடமாகத் தன் மஞ்சள் மஸ்டாங்கில் ஒவ்வொரு சாமானாகப் பூட்டி, ஊருக்கு வெளியே இருக்கும் கால் மைல் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்த்து, நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். கோட்டினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கூடும் செவுளும் அப்படியே. இறக்கை மட்டும் வண்டியைப் பின்னால் இழுத்து, ஒரு விநாடியை நூறாகப் பங்கு போட்டால் அதில் ஐந்து பங்கைத் தின்றது. இன்ஜினில் அவள் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. வெயில் நாளில் இறக்கையோடு 13.40 விநாடி, இறக்கை இல்லாமல் 13.35. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அவளுக்கு வாய்த்த தலைவலியின் பெயர் வெர்ன் டக்கெட். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது, ஐம்பத்திரண்டு. ஒரே கட்டிடத்தில் முன் ஷெட் அவனுக்கு, பின் ஷெட் இவளுக்கு. வெர்ன் இன்ஜின் மெக்கானிக். கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. அவனுடைய கமாரோவுக்கு நாலு வருடமாகப் பெயிண்ட் கிடையாது. சாம்பல் நிற அடிப்பூச்சு, கதவில் ஒரு நசுங்கல், உள்ளே இன்ஜினுக்குள் காற்றை உறிஞ்சித் திணிக்கிற சூப்பர்சார்ஜர் வைத்த அரக்கன். "பெயிண்டும் ஒரு கனம்தான்" என்பது அவன் வேதம். லொரேட்டாவை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பல காலம் ஆகிறது. "மேக்கப்பு" என்பான். அவள் பதிலுக்கு "புகைபோக்கி" என்பாள்.

சண்டை ஷெட்டுக்காக. ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை, பழைய வண்டி புது வண்டி அத்தனையும் வுட்வர்ட் சாலைக்கு வந்துவிடும். பத்து மைலுக்கு நகர முடியாத ஊர்வலம். சனங்கள் மடக்கு நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பார்கள். அன்றைக்கு முன் ஷெட் கதவைத் திறந்து வைத்திருக்கிறவனுக்கு வருடம் முழுக்க வேலை. பின் ஷெட்டின் கதவு சந்துப் பக்கம் பார்த்தது, குப்பைத் தொட்டிகளுக்கு எதிரில். இப்போதெல்லாம் பட்டைக் கோட்டைத் தபாலில் வரவழைத்து, தலை காயவைக்கிற மெஷினை வைத்து வீட்டிலேயே ஒட்டிக்கொள்கிறார்கள். போன வருடம் லொரேட்டாவுக்குப் பாதி வேலைகூட வரவில்லை. இன்னும் ஒரு ஆகஸ்ட் சந்துக்குள் போனால் கடையை மூடிவிட்டு, எவனோ ஒருவன் பட்டறையில் பம்பருக்கு உப்புத்தாள் தேய்க்கப் போக வேண்டியதுதான். இதை அவள் தன் தோழி ஓசெல்லாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

சண்டையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கட்டிடக்காரி மிசஸ் ஹகோபியன் ஜூலையில் ஒருநாள் இருவரையும் வாசலில் நிறுத்தினாள்.

"உங்க ரெண்டு பேரு கத்தலுல என் காது போச்சு. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பந்தயம் வருதுல்ல. ரெண்டு பேரும் போங்க. யாரு அதிக சுற்று தாண்டுறீங்களோ அவங்களுக்கு முன் ஷெட். இதுக்கு மேல பேச்சு வந்தா டோநட் கடைக்காரனுக்கு விட்டுடுவேன்."

வெர்ன் சிரித்தேவிட்டான். "இவ வண்டியோடயா? என் வண்டி பத்தரை விநாடி, மிசஸ் ஹகோபியன்."

"தெரியும் போடா. நேரம் எழுதி ஓட்டுற பந்தயம்தானே," என்றாள் அவள்.

அந்தப் பந்தயத்தின் அழகே அதுதான். தன் வண்டி எத்தனை விநாடியில் கால் மைலைத் தாண்டும் என்று ஓட்டுகிறவரே வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும், தன் ஜாதகத்தைத் தானே எழுதி நெற்றியில் ஒட்டிக்கொள்கிற மாதிரி. மெதுவான வண்டிக்கு வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணி முன்னதாகவே பச்சை விளக்கு போட்டுவிடுவார்கள். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. ஆனால் எழுதிய நேரத்தைவிட ஒரு மயிரிழை வேகமாகப் போனாலும் தோல்வி. புளுகினவனுக்கும் தண்டனை, தன் வண்டியைத் தெரியாதவனுக்கும் தண்டனை.

பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை, கோனி என்கிற சாசேஜ் ரொட்டி விற்கும் கடையில், வெங்காயம் சிந்தச் சிந்தத் தின்றுகொண்டே வெர்ன் எல்லார் முன்னாலும் கேட்டான்: "மேக்கப்பு, உன் வண்டி பின்னால ஒரு கொடிக்கம்பி இருக்கே, அதுல எத்தனை துணி காயும்?"

கடையே சிரித்தது. லொரேட்டாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போனதும் ஸ்பானரை எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றி இறக்கையை இறக்கிவிட்டாள். ஏழு வருடத்தில் அவள் பிறர் பேச்சைக் கேட்டுச் செய்த முதல் காரியம் அது.

சனிக்கிழமை காலை ஓசெல்லா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஓசெல்லா ஆஸ்பத்திரி நர்ஸ். அவளுடைய கத்தரிப்பூ நிறச் சேலஞ்சரில் லொரேட்டா ஒட்டாத அலங்காரம் கிடையாது.

"அவன் சொன்னான்னு உன் மூக்க நீயே அறுத்துக்கிட்டியா?"

"வேகம் வேணும் ஓசெல்லா."

"இந்தப் பந்தயத்துல வேகம் எதுக்குடி? உன் மூளைய அந்த சூப்பர்சார்ஜர் உறிஞ்சிடுச்சா?" என்று திட்டியபடியே அந்த இறக்கையைத் தூக்கித் தன் வண்டியின் பின் சீட்டில் போட்டுக்கொண்டாள். ஒரு பாதி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பந்தயப் பாதைக்குப் போனதும் லொரேட்டா கண்ணாடியில் 13.35 என்று எழுதினாள். நல்ல வெயில். முதல் சுற்று 13.36. இரண்டாவது 13.35. மூன்றாவது 13.36. எதிரில் வந்தவர்களில் ஒருவர் அவசரப்பட்டுச் சிவப்பு விளக்கில் கிளம்பினார், ஒருவர் எழுதிய நேரத்தைவிட வேகமாகப் போய்விட்டார், ஒருவர் பச்சை விழுந்தும் கிளம்பாமல் தூங்கிவிட்டார். அவள் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. மிதித்தாள், போனாள், வந்தாள். அந்தப் பக்கம் வெர்னும் 10.60 எழுதி மூன்று பேரைத் துரத்திப் பிடித்திருந்தான். எட்டுப் பேர் மிச்சம். நாலாவது சுற்றுக்கு ஜோடிகளை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பிலார்ஸ்கி, டக்கெட்.

லொரேட்டா நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜோடி வாசித்த பிறகு எழுதிய எண்ணை மாற்றக்கூடாது என்பது அங்கே சட்டம். வாசித்த ஐந்தாவது நிமிடம், முன்னால் ஓடின ஒரு வண்டி பாதை நெடுக எண்ணெயைக் கொட்டிவிட்டது. துடைத்து, மண் தூவி, கூட்டி, மறுபடி துடைத்து முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம். அதற்குள் வடக்கே கருத்தது. மழை வரவில்லை, ஏரிக் காற்று வந்தது. வியர்த்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டையைத் தேடியது.

லொரேட்டா கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள். முழங்கை மயிர் சிலிர்த்தது. நோட்டைப் புரட்டினாள். குளிர்ந்த காற்றில் இன்ஜின் நன்றாக மூச்சு வாங்கும், வண்டி துள்ளும். போன வருடம் இதே மாதிரி ஒரு சாயங்காலம்; எவ்வளவு துள்ளியது? ஐந்து பங்கு. அப்படியானால் வண்டி இப்போது 13.30 போகும். கண்ணாடியில் 13.35. வெர்ன் அவளை ஜெயிக்கவே வேண்டாம், அவளே போய் விழுந்துவிடுவாள்.

பக்கத்து வரிசையில் வெர்ன் கதவில் சாய்ந்து நின்றான். அவனுக்கும் தெரியும். "காத்து மாறிடுச்சு மேக்கப்பு. எனக்குக் கவலை இல்ல. கடைசியில மிதிச்ச கால எடுத்து வேகத்தக் குறைச்சுக்குவேன். உனக்கு அந்த வித்தை தெரியாதே."

உண்மை. மிதித்த காலை எடுத்து அவளுக்குப் பழக்கம் இல்லை. எப்போது எடுப்பது, எவ்வளவு எடுப்பது? ஒரு கணம் தப்பினால் அவன் தாண்டிவிடுவான். நோட்டை மறுபடி பார்த்தாள். ஐந்து பங்கு. அந்த ஐந்தை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். பார்த்த இடம் நினைவுக்கு வந்ததும் வண்டியை விட்டு இறங்கி ஓடினாள்.

"ஓசெல்லா, இறக்கை. இறக்கைய எடு."

"எதுக்கு?"

"அது அஞ்சு தின்னும். அஞ்சேதான் தின்னும். எடுடி சீக்கிரம்."

ஓசெல்லாவுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் கால் முழுசாக ஓடியது. இருவரும் இறக்கையைத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே வந்தபோது வரிசை நெடுக சிரிப்பு. இரண்டு போல்ட் ஏறிவிட்டது. மூன்றாவதும் ஏறியது. நாலாவது லொரேட்டாவின் விரலிலிருந்து வழுக்கி வண்டிக்கு அடியில் உருண்டது. முன்னால் இருந்த ஜோடி கிளம்பிவிட்டது. வண்டிகளைக் கோட்டுக்கு அனுப்புகிறவர் கையை ஆட்டி வா வா என்றார்.

"பதறாத காரியம் சிதறாது," என்று சொல்லிக்கொண்டே ஓசெல்லா வெள்ளைக் கால்சட்டையோடு தார்ச் சாலையில் மல்லாக்கப் படுத்து, கையை விட்டுத் துழாவி, போல்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இந்தா. இந்தப் பேண்ட்டுக்கு நீதான் பதில் சொல்லணும்."

வெர்ன் பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

இரண்டு வண்டியும் கோட்டில் வந்து நின்றன. லொரேட்டாவுக்கு இரண்டே முக்கால் விநாடி முன்னதாக விளக்கு. மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. மிதித்தாள். பின் சக்கரம் ஒரு கடி கடித்துப் பிடித்தது, முதுகு சீட்டோடு ஒட்டியது, ஏழு வருடத்தில் நூறு தடவை கேட்ட அதே சத்தம் அதே இடத்தில் அடுத்த கியருக்கு ஏறியது. பின்னால் வெர்னின் அரக்கன் அலறிக்கொண்டு கிளம்பியது. சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது அவளுக்கு, இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. பாதிப் பாதை. முக்கால் பாதை. பக்கக் கண்ணாடியில் சாம்பல் நிறம் பெரிதாகிக்கொண்டே வந்தது. காலை எடுக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. நோட்டு வேண்டாம் என்றது. மிதித்த கால் மிதித்தபடி இருந்தது.

கோட்டுக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது கமாரோவின் மூக்கு அவளைத் தாண்டிப் போனது.

போச்சு என்று வாய்விட்டுச் சொன்னாள். சந்து, குப்பைத் தொட்டி, உப்புத்தாள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. தலையைத் தூக்கினால் அவள் பக்கத்து விளக்கு எரிகிறது. வெற்றி விளக்கு. இரண்டு தடவை பார்த்தாள். அவள் பக்கம்தான்.

நேரச் சீட்டு கொடுக்கிற கூண்டுக்குப் பக்கத்தில் வெர்ன் ஏற்கெனவே இறங்கி நின்றான். சீட்டில் அவனுக்கு 10.57. எழுதியது 10.60. அவளுக்கு 13.35. எழுதியதும் 13.35.

"கால எடுக்கிறேன்னு சொன்னியே," என்றாள் லொரேட்டா.

"எடுக்கணும்னுதான் நினைச்சேன். முன்னால உன் இறக்கை தெரிஞ்சுது. அதைத் தாண்டாம கால எடுக்க முடியல." முப்பது வருடமாக வேகத்தைக் கூட்டியே பழகிய கால் அது. அவன் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "அது எவ்வளவு தின்னுச்சு?"

"அஞ்சு."

"அளந்து பாத்தியா?"

"ஏழு வருஷமா."

வெர்ன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "என் வண்டி எனக்கு அவ்வளவு தெரியாது லொரேட்டா," என்றான். பெயர் சொன்னதை அவள் கவனித்தாள். "திங்கக்கிழமை முன் ஷெட்ட காலி பண்ணித் தர்றேன். வண்டி தூக்குற லிஃப்ட்ட நகத்த மட்டும் கை கொடு."

அடுத்த சுற்றில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருடைய பழைய குடும்ப வண்டியிடம் லொரேட்டா தோற்றாள். பச்சை விழுந்ததையே அவள் பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியேறும் வாசலில் வெர்ன் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னான். கழுத்தில் கிடந்த, வியர்வையில் நனைந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் பிழிந்து, அந்த இறக்கையின் மேல் விரித்துப் போட்டு, காற்றில் பறக்காமல் முனையை முடிந்தான்.

"வீடு போறதுக்குள்ள காஞ்சிடும். திங்கக்கிழமை வாங்கிக்கிறேன்," என்றான்.

லொரேட்டா அதை எடுக்கவில்லை. வுட்வர்ட் சாலை நெடுக, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, அந்தத் துண்டோடுதான் ஓட்டிக்கொண்டு போனாள்.