கிருபாவின் ஆல்டோவுக்கு ஒரு பிளேயர்

சி.டி. பிளேயர் வாங்கப் போகிறேன் என்று இந்தக் காலத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு, ரிட்டையர் ஆன மனுஷன், பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அதையும் பார்த்தாயிற்று. அதுவும் சும்மா ஒன்று இல்லை, உயர்ந்த ரகமாகத்தான் வாங்குவேன் என்று சொன்னபோது பெங்களூரில் இருக்கிற என் மகன், "அப்பா, எல்லா பாட்டும் போன்லயே கெடக்கே" என்றான். கிடக்கிறதுதான். எனக்கு வேண்டிய பாட்டு மட்டும் கிடக்கவில்லை. அதையும் அவனே போனில் ஏற்றிக் கொடுத்தான். கேட்டால், சர்ச் பாட்டுக்குழுவில் நாங்கள் பதினெட்டுப் பேரும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் நின்று பாடுகிற மாதிரி இருந்தது.

பழைய பிளேயர் போன மாதம் அடம்பிடிக்க ஆரம்பித்தது. ட்ரே வெளியே வரவில்லை. நானே மூடியைக் கழற்றினேன் (கணக்கு வாத்தியார்கள் எல்லாவற்றையும் கழற்றுவோம், மாட்டுவதுதான் வராது). உள்ளேயிருந்து சூடேறிய தூசியின் வாசனை வந்தது. உடனே எனக்கு எங்கள் சர்ச் ஞாபகம் வந்துவிட்டது. பாட்டுக்குழு சி.டி. பதிவு செய்த அன்று அங்கே இதே வாசனைதான். ஃபேனை நிறுத்தியிருந்தார்கள், ரோட்டில் போகும் பஸ்களுக்குப் பயந்து ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். நடுவில் இரண்டே மைக். பெஞ்சு வார்னிஷும் பவுடரும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்து மூச்சு முட்டியது. காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் பத்து கிறிஸ்மஸ் பாட்டு. எனக்கு அப்போது வேலை கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

நான்கு பாகமாகப் பாடுவோம். முன்வரிசையில் பெண்கள். மேலே ஏறிப் பாடும் சோப்ரானோவைத்தான் சபை முழுக்கக் கேட்கும். அதற்குக் கீழே, இருப்பதே தெரியாமல் ஓடுகிற பெண்குரல் ஆல்டோ. இல்லாவிட்டால்தான் அதன் அருமை தெரியும். எங்கள் குழுவில் ஆல்டோவுக்கு இரண்டே பேர், கிருபாவும் ராணியும். அவர்களுக்கு நேர் பின்னால் ஆண்களின் அடிக்குரலான பேஸ் வரிசை. அங்கே நான். என் பாட்டைப் பற்றிக் குழுவை நடத்திய ஆர்கன் சாருக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. "லேய், நீ பைய பாடு. மாடு கத்துத மாதிரி இருக்கு" என்பார். எனக்கும் கிருபாவுக்கும் கல்யாணம் நடந்த அன்று பாட்டுக்குழுவில் ஒரு ஆல்டோவும் ஒரு பேஸும் குறைந்தது. "இண்ணைக்கு பேஸ் கொள்ளாம்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார் மனிதர்.

ஆமாம், அந்த ஆல்டோவைத்தான் கட்டிக்கொண்டேன். முன்னும் பின்னுமாக நின்று பதினோரு வருடம் ஞாயிறுதோறும் பாடினோம். பிறகு பிள்ளை, டிரான்ஸ்பர் என்று ஒவ்வொன்றாக வந்து பாட்டு நின்றுபோனது. வீட்டில் அடுக்களையில் மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பேச்சும் திரும்பி வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. பாட்டு மட்டும் வரவில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை, எனக்கு அது பெரிய துக்கம். அவளைவிட எனக்குத்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

அந்த சி.டி.யில் ஆறாவது பாட்டின் மூன்றாம் சரணத்தில் இரண்டு வரி ஆல்டோ மட்டும் தனியாக வரும். பழைய பிளேயரில் அந்த இடம் கம்பளிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ முனகுவதுபோல இருக்கும். இருந்தாலும் ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் போட்டுவிடுவேன். சாவதற்குள் அந்த இரண்டு வரியை ஒரு தடவையாவது தெளிவாகக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பிளேயர் அதற்காகத்தான். கிருபாவுக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

"எனக்க ஒச்ச போயாச்சு. இனி அத மெஷின்ல போட்டுத் தேடி என்னத்துக்கு?"

"தேடத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு வடசேரியில் பஸ் ஏறினேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் காசிம் காக்கா என்று ஒருவர் இருக்கிறார். துபாயில் பாட்டு சாமான்கள் விற்கிற பெரிய கடை ஒன்றில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே பழகிய ஆட்களிடமிருந்து நல்ல பிளேயர்களாகப் பார்த்து வரவழைத்து, வீட்டு முன்னறையில் வைத்து விற்கிறார். கடல் இரைச்சல் உள்ளே வராதபடி கனத்த திரை. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. வாங்க வருகிறவர் அதில் உட்கார வேண்டும், அவர் நின்றுகொண்டேயிருப்பார்.

"சாரு என்ன பாட்டு கேப்பிய?" என்றார். டாக்டர் வயிற்றைப் பற்றிக் கேட்பதுபோல அவ்வளவு அக்கறையாகக் கேட்டார். பழைய சினிமாப் பாட்டு, கீர்த்தனை, கொஞ்சம் நாதஸ்வரம் என்றேன். அவர் தன்னுடைய சி.டி. தட்டு ஒன்றைப் பிளேயரில் போட்டார். அதில் ஒரு கண்ணாடி உடைகிற சத்தம் வந்தது. ஒரு ரயில் அறைக்குள்ளேயே வந்து போனது. எனக்கு ரயில் வேண்டாம் காக்கா, இதைப் போடுங்கள் என்று என் தட்டை நீட்டினேன். முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். "அதாக்கும் செரி. அவனவன் தட்டப் போட்டுத்தான் மெஷின் பாக்கணும்" என்றார். அதோடு மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

முதல் பிளேயர் வெள்ளி நிறம், அம்மிக்கல் கனம். சோப்ரானோ அப்படி இனித்தது. ஆல்டோவோ பாயசத்தின் அடியில் போன முந்திரி மாதிரி, இருந்தது, கண்ணில் படவில்லை. இரண்டாவதில் பேஸ் எழும்பி வந்தது. சுவரெல்லாம் நான்தான். இவ்வளவு கம்பீரமாகவா பாடியிருக்கிறேன் என்று எனக்கே மரியாதை வந்துவிட்டது. "சாரே, இது ஒங்களுக்கு செட் ஆவும்" என்றார் காக்கா. உண்மையில் என் ருசிக்கு அதுதான். கிட்டத்தட்ட வாங்கியேவிட்டேன். ஆனால் ஆறாவது பாட்டு வந்தபோது ஆல்டோவின் மேல் நான் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது, இரண்டே பொத்தான் வைத்த கறுப்புப் பெட்டி. பார்க்க ஒன்றுமில்லை. பாட்டும் முதலில் வறண்டுதான் கேட்டது. ஆனால் போகப்போக என்னென்னவோ கேட்க ஆரம்பித்தது. ஆர்கன் சார் பாட்டு நோட்டின் பக்கத்தைத் திருப்புவது, பெஞ்சு முனகுவது, ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் என் சுருதி இறங்குவது. சார் சொன்ன மாடு அப்படியே இருந்தது. பிறகு மூன்றாம் சரணம். ஒரே ஒரு பெண்குரல், ஓரத்தில் லேசான நடுக்கத்தோடு, எதிரில் நின்று பாடுவதுபோல வந்தது. ராணி பயந்த பெண், பெயரைக் கேட்டாலே தரையைப் பார்த்துச் சொல்லுவாள். ஆகவே அது யார் குரல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண் நிறைந்துவிட்டது. காக்கா திரையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

உடனே வாங்கிவிடவில்லை. சத்தம் கூடுதலாக வைத்தால் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டியாகத்தான் தெரியும். அதனால் மூன்று நாள் பஸ் ஏறிப் போய், மூன்றையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லி, நோட்டில் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டேன். ஆல்டோ என்ற பாடத்தில் கறுப்புப் பெட்டிதான் ஒவ்வொரு நாளும் பாஸ். "இதுல சினிமாப் பாட்டு சப்புண்ணு இருக்கும். பொறவு கொற சொல்லப்பிடாது" என்றார் காக்கா. சொல்லமாட்டேன் என்று எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் அதை இணைத்து முடித்தபோது மத்தியானம். கிருபா அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. ஆறாவது பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாம் சரணத்தில் அவளே வந்து வாசலில் நின்றாள், ஈரக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி. முடியும்வரை அசையவில்லை.

"நல்லா கேக்கு. ராணிக்க ஒச்ச இவ்வளவு அழகுண்ணு எனக்கே தெரியாம போச்சே."

"ராணியா? ஏட்டி, அது நீயாக்கும்."

"நானா! எனக்கு அண்ணைக்கு தொண்ட கட்டிக் கெடந்துல்லா. வாய மட்டும் அசைச்சா போதும், சத்தம் வேண்டாம்ணு சாரு சொல்லிட்டாரு. பத்து பாட்டுலயும் நான் இல்ல."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன்.

"நிங்க ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அதப் போட்டுட்டு எனக்க மொகத்தப் பாத்து சிரிப்பிய. அத எதுக்குக் கெடுக்கணும்?"

ஆர்கன் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். ராணி கனடாவில் இருக்கிறாள், அங்கே பாடுகிறாளோ என்னவோ. அந்தச் சர்ச் கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டியாயிற்று. கீபோர்டும் ஆளுக்கொரு மைக்கும் இருக்கின்றன, நான்கு பாகம் பாட ஆள் இல்லை. இதெல்லாம் எல்லா ஊரிலும் போகிறதுதான், நான் அழவில்லை. எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. சி.டி.யில் இல்லாவிட்டால் என்ன, விடுகிறதாக இல்லை என்று அவளிடமே கேட்டேன்.

"அப்போ உனக்க ஒச்ச எப்பிடி இருக்கும்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நிங்கதான பின்னால நிண்ணு கேட்டிய" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போனாள்.

சரிதான். கேட்டவன் நான்தான். நாற்காலியில் உட்கார்ந்து பிளேயரை நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்த முன்வரிசையை நிறுத்தி, அவளை அவள் இடத்தில் நிறுத்தி, அந்த இரண்டு வரியைப் பாட வைத்துப் பார்த்தேன். ராணியின் குரல்தான் வந்தது.