விசாரிக்க வந்தவரிடம் நான் சொன்னது

அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், என் கணவர் இன்று காக்கிச் சட்டை போட்டிருப்பாரோ என்னவோ. காவலர் தேர்வின் எல்லாச் சுற்றிலும் தேறியிருந்தார். கடைசியாக அவரைப் பற்றி விசாரிக்க, வளப்பூரில் எங்கள் வீட்டுக்கு ஓர் ஏட்டு வந்தார். கணவர் செம்மேட்டுச் சந்தைக்குப் போயிருந்ததால், இடுப்பில் குழந்தையோடு நான்தான் பதில் சொன்னேன்.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரு மேல பழைய கேசு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வேறு யாராவது சொல்லிவிட்டால் என்ன ஆவது என்று பயந்தேன்.

"கேசெல்லாம் இல்லீங்க. பத்தாவது படிக்கறப்ப கூட்டாளிங்களோட கஞ்சா குடிச்சு போலீசுகிட்ட மாட்டிக்கிட்டாருங்க. போதை ஒழிப்பு வகுப்புக்கு அனுப்பினாங்க. அப்பறம் பீடிகூடத் தொட்டதில்லீங்க."

பெருமையாகத்தான் சொன்னேன். ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இதை நான் கேக்கவே இல்லியேம்மா" என்றார். பிறகு எழுதிக்கொண்டார்.

வகுப்பை முடித்தால் பெயரில் எந்தப் பதிவும் இருக்காது என்று அப்போது பிடித்த போலீசார் கணவரிடம் சொல்லியிருந்தார்களாம். அதை நம்பி விண்ணப்பத்தில் அவர் அதைக் குறிப்பிடவில்லை. மறைத்துவிட்டார் என்று சொல்லி வேலையை மறுத்துவிட்டார்கள். அடுத்த தேர்வுக்குள் வயதும் தாண்டிவிட்டது.

"விடு புள்ள, நீ என்ன பொய்யா சொன்ன?" என்றார் கணவர். திட்டியிருந்தால் தேவலை. இப்போது லாரியில் பலாப்பழம் ஏற்றுகிறார்.

மகன் வளர்ந்துவிட்டான். எதையாவது உடைத்துவிட்டு நின்றால், "உண்மையச் சொல்லு சாமி, அம்மா அடிக்க மாட்டேன்" என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவர் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். பிறகு குனிந்து சோற்றைப் பிசைவார்.