பல் மருத்துவரின் சிறுகோளும் என் அக்காவும்

எங்கள் வானாய்வகத்தின் கணக்கில் பதினான்கு சிறுகோள்கள் உள்ளன. அவற்றுள் பதினொன்றை முதலில் பார்த்தவர் என் அக்கா. மீதி மூன்றை யார் பார்த்தார் என்பதற்கு ஆவணம் இல்லை. ஆகவே அவற்றைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. பதினொன்றுக்கும் தகட்டு எண், தேதி, நேரம், பதிவேட்டின் பக்கம் ஆகியவற்றின் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. அங்கே பத்தொன்பது ஆண்டுகள் ஆவணக் காப்பாளராக இருந்தேன். பள்ளிப் படிப்போடு உள்ளே நுழைந்தவன். வானியலை அலமாரிப் புத்தகங்களிலிருந்து நானே கற்றுக்கொண்டேன். நகல் எடுக்கும் பழக்கத்துக்காகப் பின்னர் என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்த மாற்றல் உத்தரவின் நகலும் இருக்கிறது.

அக்காவின் அளவை அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, ஒரு கருவி. இரவில் எடுத்த கண்ணாடித் தகடுகள் காலையில் காய்ந்து அவரிடம் வரும். வானத்தின் ஒரே பகுதியை ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு தகடுகளைக் கருவியில் பொருத்தி, நெம்புகோலைத் தட்டினால், இரண்டும் மாறி மாறிக் கண்ணுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான விண்மீன்கள் அசையாமல் நிற்க, ஒரு புள்ளி மட்டும் துள்ளி நகர்ந்தால் அதுவே சிறுகோள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் இதை இருபத்தொன்பது ஆண்டுகள் பார்த்தார் அக்கா. வழக்கம் முற்றிப்போய், பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கும்போதும் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். ஓட்டுநர்கள் சிலர் தவறாகப் புரிந்துகொண்டதும் உண்டு.

அத்தான் தையற்காரர். வீட்டு முன்னறையே அவருடைய கடை.

"நானும் அளக்கிறேன், உங்கக்காவும் அளக்கிறா. நான் அளந்தா சட்டையாவது வருது. இவ அளந்தா எவனுக்கோ பேரு வருது" என்பார், வாயில் குண்டூசியைக் கவ்வியபடி.

அந்தப் பெயர் விவகாரத்தைச் சற்று விளக்க வேண்டும். தொடக்க காலத்தில் சிறுகோள்களுக்குத் தேவதைகளின் பெயர்களைச் சூட்டினார்கள். வானம் கற்களைத் தந்த வேகத்துக்குத் தேவதைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிறகு அறிஞர்கள், நகரங்கள், மனைவிமார்கள் என்று பட்டியல் இறங்கி வந்தது. இன்று அதற்கு முறை இருக்கிறது. பாதை உறுதியானதும் கல்லுக்கு ஓர் எண் கிடைக்கும். அதன்பின் பத்து ஆண்டுகளுக்குள் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. பெயர் பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டும். அரசியல்வாதியும் படைத்தலைவரும் இறந்து நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வியாபாரச் சரக்கின் பெயர் ஆகாது. இவர் யார், இவருக்கு ஏன் இந்தப் பெருமை என்று சில வரிகளில் ஒரு குறிப்பும் இணைக்க வேண்டும். பல நாட்டு வல்லுநர் குழு ஒன்று அதை ஏற்றுக்கொண்டால் அச்சில் வரும். வந்த பிறகு மாற்றமாட்டார்கள்.

கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் எப்போதும் எங்கள் இயக்குநரின் பெயரே இருந்தது. கடிதம் அவருடைய கையெழுத்தில் போகிறது. ஆகவே கண்டுபிடிப்பும் அவருடையது. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது நாகரிகமன்று என்பதால் அதை மட்டும் அவர் செய்யவில்லை. முதல் கல் மனைவிக்கு. இரண்டாவது மாமனாருக்கு. அடுத்த இரண்டு மருமகன்களுக்கு. மூத்தவருடைய கல் சற்றுச் சிறியது என்று குடும்பத்தில் இன்னும் மனத்தாங்கல் இருப்பதாகக் கேள்வி. வீட்டு வரைபடம் போட்ட பொறியாளருக்கு ஒன்று. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் தம் கல்லுக்கு இவருடைய பெயரை வைத்தார். அடுத்த ஆண்டே இவர் ஒரு கல்லுக்கு அவருடைய பெயரை வைத்தார். வானம் இருவருக்கும் பொதுவாயிற்றே.

ஒன்பதாவது கல் பல் மருத்துவருக்குப் போயிற்று. அது கண்டுபிடிக்கப்பட்ட நாளில் இயக்குநர் ஊழியர்களுக்கு முன்னால் அயராது உழைத்ததாக ஆண்டறிக்கை கூறுகிறது. அதே நாளுக்கான அவருடைய விடுப்புக் கடிதம், கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டதால் வாய் திறக்க இயலவில்லை என்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். ஒரு வகையில் அந்தப் பெயர் பொருத்தமே. அவரை அன்று அலுவலகத்துக்கு வரவிடாமல் செய்து கண்டுபிடிப்புக்கு உதவியவர் அந்த மருத்துவர்தான்.

பன்னிரண்டாவது கல்லுக்கு இயக்குநர் தன் நாயின் பெயரை முன்மொழிந்தார். வளர்ப்புப் பிராணிகளின் பெயரை ஊக்குவிப்பதில்லை என்று குழு பணிவாகத் திருப்பி அனுப்பியது. ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கல் கொழுந்தியாளுக்குப் போயிற்று.

இவ்வளவு பேருக்கும் குறிப்பு எழுதியவர் யார் என்று கேட்டால், அக்காதான். இயக்குநருக்கு எழுத நேரமிருக்காது.

"சார், பல் டாக்டரைப் பத்தி என்னன்னு எழுதறது?"

"மனித குலத்தோட வலியைக் குறைச்சவர்னு போடுங்கம்மா."

"உங்க ஒருத்தர் வலியைத்தானே சார்?"

"நானும் மனித குலம்தானேம்மா."

எழுதினார். பதின்மூன்று குறிப்புகள் இப்படி எழுதினார். அக்காவுக்காக நியாயம் பேச வந்த நான் இதையும் மறைக்கக் கூடாது.

பதினான்காவது கல் மட்டும் பெயரில்லாமல் கிடந்தது. எண் கிடைத்து ஒன்பதரை ஆண்டுகள் ஆகிவிட்டன. பெயர் சூட்டும் உரிமை முடிய இன்னும் ஆறு மாதம்; அக்கா ஓய்வு பெறவும் அதே ஆறு மாதம். இது அவருக்குத்தான் என்று வாயிற்காவலர் வரை பேசிக்கொண்டார்கள். அக்காவும் தன் பெயர் பதினாறு எழுத்துக்குள் அடங்குகிறதா என்று ஒரு காகிதத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறார். காகிதம் அத்தானின் வெட்டுத்துணிகளுக்கு நடுவே கிடைத்தது. அத்தான் அன்று கேலி செய்யவில்லை.

ஒரு திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தக் கல்லு உங்களுக்குத்தாம்மா. முடிவு பண்ணிட்டேன். குறிப்பை வழக்கம்போல நீங்களே எழுதிடுங்க."

அக்கா இரண்டே வரி எழுதினார். இந்தச் சிறுகோளை இன்ன தேதியில் இன்ன தகட்டில் முதலில் கண்டவர் இவர். இருபத்தொன்பது ஆண்டுகளில் மேலும் பத்துச் சிறுகோள்களையும் கண்டவர்.

வாழ்நாளில் முதன்முறையாக இயக்குநர் ஒரு குறிப்பை முழுவதும் படித்தார்.

"என்னம்மா இப்படி எழுதிட்டீங்க? கண்டுபிடிச்சவர் நான்னு மேல இருக்கு. கீழ நீங்கன்னா, படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"உள்ளதை நினைப்பான் சார்."

அவர் பேனாவை எடுத்து அடித்துவிட்டு மேலே எழுதிக் கொடுத்தார்: 'நீண்டகால உதவியாளர், ஊழியர்களிடம் அன்பாகப் பழகியவர், இவர் தயாரிக்கும் தேநீர் அனைவராலும் விரும்பப்பட்டது.' அந்த மூலக் காகிதமே என்னிடம் உள்ளது.

"சம்மதம்னு சொல்லுங்க, அனுப்பிடலாம்."

அக்கா மூன்று நாள் தவணை கேட்டு வீட்டுக்கு வந்தார். நான் அவரை ஒப்புக்கொள்ளச் சொன்னேன். அதையும் பதிவு செய்கிறேன்.

"அக்கா, பேரு நிக்கும். குறிப்பை எவன் படிக்கப்போறான்?"

"எவனும் படிக்கலேன்னுதான்டா பதிமூணு பொய் எழுதினேன். இப்ப என் மேலயே ஒண்ணு எழுதணுமா?"

"அங்க இவ எப்ப டீ போட்டா?" என்றார் அத்தான். "வீட்லயே நான்தான் போடறேன்."

"அந்தப் பெருமையும் உங்களுக்குத்தான் போகணும்" என்றார் அக்கா.

நான்காம் நாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

"சார், என் பேரு வேண்டாம்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஆயுசுக்கும் வருத்தப்படுவீங்க."

"படறேன் சார். பேரை நீங்க யாருக்கு வேணா வைங்க."

இயக்குநருக்கு அப்போது கடைசி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல் வருங்காலச் சம்பந்திக்கு ஒதுக்கப்பட்டது. சம்பந்தி அட்டைப்பெட்டி தயாரிப்பவர்.

"அவரைப் பத்தி நாலு வரி நல்லதா எழுதிடுங்கம்மா. இன்னிக்கே போகணும்."

அக்கா எழுதிய குறிப்பு, கல்யாணப் பந்தல்காரரின் கடிதத்துக்கும் இரண்டு விடுப்பு விண்ணப்பங்களுக்கும் நடுவே இயக்குநரின் மேசைக்குப் போயிற்று. தன்னைப் பற்றியதல்ல என்பதால் அவர் படிக்கவில்லை. நான்கிலும் கையெழுத்திட்டார். தபால் பதிவு எண் என்னிடம் உள்ளது.

ஐந்து மாதம் கழித்து அது அச்சில் வந்தது. சம்பந்தி அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தம் வரவேற்பறையில் மாட்டினார். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்குப் போன இயக்குநர், உறவினர்கள் கேட்டுக்கொண்டதால் அதை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரி சரியாகத்தான் இருந்தது: அட்டைப்பெட்டி உற்பத்தியாளர், கண்டுபிடித்தவராகப் பதிவானவரின் சம்பந்தி. இரண்டாவது வரியில் இச்சிறுகோளை முதலில் கண்டவர் இன்னார் என்று அக்காவின் முழுப்பெயரும், அளவை அறையும், தகட்டு எண்ணும், தேதியும் இருந்தன. பாதியில் அவருக்கு இருமல் வந்துவிட்டதாம். மீதியைச் சம்பந்தியே படித்துவிட்டு, "அப்ப நீங்க கண்டுபிடிக்கலையா?" என்று கேட்டாராம்.

மறுநாள் அக்காவின் கடைசி வேலைநாள். இயக்குநர் அளவை அறை வாசலுக்கே வந்து நின்றார்.

"என்னம்மா இது?"

"நீங்க கையெழுத்துப் போட்டது சார்."

"மாத்த முடியாதா?"

"அச்சுல வந்தா மாத்தமாட்டாங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவர் போன பிறகு, அச்சான பக்கத்தின் நகலை நான் அக்காவிடம் கொடுத்தேன். மெதுவாக இரண்டு முறை படித்தார். பிறகு பதிவேட்டை விரித்து ஒப்பிட்டார்.

"தேதி சரியா இருக்குடா" என்றார். "தகடு நம்பரும் சரி."

அன்று மாலை ஐந்து மணி வரை வழக்கம்போல் தகடுகளைப் பார்த்துவிட்டு, கருவிக்கு உறை மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.