காட்டில் விட்ட யானைக் கரண்டி

சென்ற இலையுதிர் காலத்தில் கணவரோடும் ஐந்து வயது மகளோடும் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைக்காட்டில் நடக்கப் போயிருந்தேன். வழியோரத்தில் உட்கார்ந்து புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்டோம். நாங்கள் கையால், மகள் பிடியில் யானைத் தலை வைத்த தன் கரண்டியால். கை துடைத்த ஈரத்தாள்களையும் எலும்புகளையும் புதருக்குள் எறிந்தேன்.

“இருக்கட்டும், நரி தின்னும்,” என்றார் கணவர்.

உச்சிவரை போய்த் திரும்பியபோது, வயதான ஜெர்மன் பெண் ஒருவர் அதே புதரடியில் குனிந்து, நாங்கள் சப்பிய எலும்புகளை வெறுங்கையால் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“சீ, அரியண்டம்! கெதியா வாங்கோ,” என்று கணவரை இழுத்தேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து, புதரடியில் கிடந்த யானைக் கரண்டியைச் சேறு துடைத்து என்னிடம் நீட்டினார். “இது உங்களுடையதா?” என்று ஜெர்மனில் கேட்டார்.

மஞ்சள் படிந்த விரல்களைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, “இல்லை” என்று ஜெர்மனிலேயே சொன்னேன்.

“அம்மா, அது என்ர கரண்டியெல்லோ!” என்று மகள் தமிழில் கத்தினாள்.

“பேசாம வா!”

கார் வரைக்கும் வேகமாக நடந்தோம். நல்லவேளை அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்று நிம்மதிப்பட்டுக்கொண்டேன். மகளுக்கு என்னைவிட நன்றாக ஜெர்மன் தெரியும் என்பது, அவள் காரில் ஏறி, நான் சொன்ன அந்த ஜெர்மன் ‘இல்லை’யைத் தனக்குள் சொல்லிப் பார்த்தபோதுதான் உறைத்தது.