ஆறுமணிக்குருவி விழும் வாசல்

வன்னியராஜ் சீரியல் செட் விளக்குகள் கட்டுகிறவர். கோவில் கொடை, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு, எதுவானாலும் மூங்கிலும் வயரும் ஏற்றிக்கொண்டு அவருடைய குட்டியானை வண்டி போய் நிற்கும். அப்பா மைக் செட் வைத்திருந்தார். அவரிடம் கற்றுக்கொண்டது பாதி, ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டது பாதி. வயரை இழுத்துக் கட்டுவதில் வன்னியராஜுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தெருவில் நின்று பார்த்தால் ஒரு வரிசைகூடத் தொய்ந்து தெரியக் கூடாது. தெரிந்தால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறுவார்.

பறவை பார்க்கும் பழக்கமும் உயரத்தில் இருந்தபோது வந்ததுதான். முக்கூடல் பக்கம் ஒரு தை மாதக் கொடைக்கு ஆலமரத்தில் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். குளத்துக்கு மேலே கூட்டமாக வாத்துகள் சுற்றி வந்து இறங்கின. வெள்ளைத் தலை, தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. இறங்கி வந்து யாரைக் கேட்டாலும் ‘ஏதோ வாத்து’ என்றார்கள். அந்த ‘ஏதோ’ அவருக்குப் பொறுக்கவில்லை. எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியாமல் கை வைக்காத ஆள். படம் போட்ட புத்தகம் ஒன்றை வாங்கி, வேலை இல்லாத நாட்களில் குளத்துக் கரைகளில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, வரித்தலை வாத்து என்று சொல்ல அடுத்த தை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்குப் புரட்டாசி என்றால் வேறு மாதிரி ஆகிவிட்டது. முதலில் குறுக்குத்துறைப் படித்துறைக் கற்களில் சாம்பல் வாலாட்டி வந்து வாலை ஆட்டும். பிறகு நடவு வயல்களில் உள்ளான்கள். தகைவிலான்கள் வந்து மின்கம்பியில் வரிசையாக உட்காரும்.

“நான் கட்டுன மாதிரியே எடம் விட்டு உக்காந்திருக்கு பாரு” என்பார் மனைவி தனலட்சுமியிடம்.

“அதுககிட்டயும் அட்வான்ஸ் வாங்கிட்டியளா?” என்பாள் அவள்.

எல்லாவற்றையும்விட அவர் காத்திருப்பது ஆறுமணிக்குருவிக்கு. மைனாவைவிடச் சிறியது, வால் என்று பெயருக்கு ஒரு துண்டு. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வரும். வந்ததும் புதருக்குள் போய்விடும். காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் இரட்டை விசில் மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். ஆற்றங்கரைப் புதர்களில் அந்தச் சத்தத்தைத் தேடி எத்தனையோ மாலைகள் அவர் குந்தியிருக்கிறார். பார்த்ததெல்லாம் சருகுக்குள் ஓடி மறையும் ஒரு பச்சை முதுகுதான்.

வண்ணார்பேட்டையில் குத்தாலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்குத் தீபாவளி விளக்கு எப்போதும் வன்னியராஜ்தான். கடையைப் புதுப்பித்து, முகப்பு முழுவதும் கண்ணாடி போட்டிருந்தார் அண்ணாச்சி. எதிர் வரிசை வேப்ப மரங்கள் விடியற்காலையில் அந்தக் கண்ணாடிக்குள் அப்படியே நிற்கும். இந்த முறை சீரியல் செட் போதாது, மாடியில் பீம் லைட்டும் வேண்டும் என்றார். வன்னியராஜ் மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்து பொருத்தினார். மேகம் தாழ்ந்த இரவுகளில் நான்கு வெள்ளைத் தூண்கள் வானத்தில் சுற்றின. பாளையங்கோட்டையிலிருந்தே தெரிகிறது என்று அண்ணாச்சிக்கு மகிழ்ச்சி. வன்னியராஜுக்கும் தன் வேலையில் குறை ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் விடிந்ததும் கடை வாட்ச்மேன் சேக் முகம்மது போன் செய்தார். வயதில் மூத்தவர், வன்னியராஜின் பறவைக் கிறுக்கைக் கேலி செய்து கேலி செய்தே அதில் பாதியைக் கற்றுக்கொண்டவர்.

“வே, உம்ம ஆளு ஒண்ணு வாசல்ல கெடக்கு. பச்சையும் நீலமுமா. சீக்கிரம் வாரும், கூட்டுத பொம்பளைய வாரதுக்குள்ள.”

சட்டை அட்டைப்பெட்டி ஒன்றில் சேக் முகம்மது அதை எடுத்து வைத்திருந்தார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. வன்னியராஜ் உள்ளங்கையில் வாங்கினார். கண்ணை ஒட்டிய கறுப்புப் பட்டை, மேலே சந்தன நிறம், இறக்கையில் மின்னும் நீலம், வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. புத்தகத்தில் இருந்த எல்லாமும் இருந்தது. கழுத்து மட்டும் நிற்கவில்லை.

“ஆறுமணிக்குருவியா?” என்று கேட்டார் சேக் முகம்மது.

“ஆமா பாய்.”

“இத்தன நாளு இதையா தேடுனீரு? அழகாத்தான் இருக்கு” என்றவர், வன்னியராஜின் முகத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார்.

மறுநாள் இன்னொன்று. அதற்கு அடுத்த நாள் ஒரு பழுப்பு ஈப்பிடிப்பான். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத உடம்பு. மேகம் இல்லாத இரவுகளில் விழவில்லை. மேகம் இறங்கிய இரவுகளில் விழுந்தன. வெளிச்சத்துக்குள் வந்து மாட்டி, வெளியேறத் தெரியாமல் சுற்றிக் களைத்துக் கீழே இறங்குகின்றன. வெளுக்கும்போது கண்ணாடிக்குள் தெரியும் வேப்ப மரத்துக்குப் போகப் பார்க்கின்றன. வன்னியராஜுக்கு இது புரிய நேரமாகவில்லை. பீம் லைட்டின் சரிவை மாற்றிப் பார்த்தார். கண்ணாடியின் உட்பக்கம் கலர் பேப்பரைப் பட்டை பட்டையாக ஒட்டினார். பொம்மைக்குக் கட்டியிருக்கும் பட்டு மறைகிறது என்று கடை மேனேஜர் மதியத்துக்குள் கிழித்துவிட்டார்.

அண்ணாச்சியிடமே போனார். அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, கடை அடைச்ச பொறவு மேல உள்ள லைட்ட மட்டும் நிறுத்திருவோமா?”

“ஏம்லே, கரண்ட் பில்லு நீயா கெட்டுத?”

“குருவி விழுது அண்ணாச்சி. ராத்திரி பறந்து வாரது. வெளிச்சத்துல தெகைச்சுக் கீழ எறங்கி, விடியக்காலம் கண்ணாடில அடிபட்டுச் சாவுது.”

“எங்கன இருந்து வருது?”

“வடக்க, இமயமலைப் பக்கம் இருந்து.”

அண்ணாச்சி யோசித்தார். “அங்கன இருந்து இம்புட்டு ஊரத் தாண்டி வந்து எங்கடையிலதான் விழணுமாக்கும்? மதுரையில இல்லாத கண்ணாடியா?” பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. “ஏலே, நான் என்ன குருவிக்கு விரோதியா? தெனமும் மாடியில கம்பு போடுதேன், நீயே பாத்திருக்க. தீவாளி வார நேரத்துல லைட்ட அணைச்சா வாரவன் கடையில ஏதோ சாவு, கேதம்னு நெனைப்பான். தீவாளி வரைக்கும்தான. பொறுத்துக்கோ.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. கம்பு போடுகிறவர்தான்.

பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் வன்னியராஜ் படங்களைப் போட்டார். ‘இந்தப் பருவத்தின் முதல் பதிவு, அருமை’ என்று ஒருவர் எழுதினார். இறக்கையை விரித்து ஒரு படம் கிடைக்குமா என்று இன்னொருவர் கேட்டார். வனத்துறைக்கு மனு கொடுங்கள் என்றார்கள், கொடுத்தார். வாங்கிக்கொண்ட அதிகாரி நல்ல மனிதர். “வேட்டையாடுனான்னா ஆளைப் பிடிக்கலாம். கண்ணாடிய எப்படிங்க பிடிக்கது?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

வேலையை விட்டுவிடலாம்தான். விட்டால் மறுநாள் வேறொருவர் வந்து இதைவிடப் பெரிதாகக் கட்டுவார். வயரில் ஒரு பழுதை வைத்துவிடலாம். அதற்கு அவர் கை வரவில்லை.

ஒரு காலை, பெட்டியில் இரண்டு கிடந்தன. ஒன்றுக்கு உயிர் இருந்தது. வன்னியராஜ் துண்டில் பொதிந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் புதரடியில் வைத்தார். வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு இரண்டு தத்துத் தத்தி உள்ளே போனது. பிழைத்ததா, மறைவாகச் செத்ததா, தெரியாது. திரும்பி வந்தவரிடம் சேக் முகம்மது டீயை நீட்டினார்.

“நான் ஒண்ணு சொல்லுதேன், கேக்கீரா? குருவிக்காக அவரு அணைக்க மாட்டாரு. தனக்காகன்னா அணைப்பாரு.”

“எப்படி?”

“வாசல்ல உசுரு விழுதது நல்ல சகுனம் இல்லன்னு ஒரு வார்த்தை போடும். வெள்ளிக்கிழமையாப் பாத்துப் போடும். மனுசன் வெலவெலத்துப் போவாரு.”

“அதுல எனக்கு நம்பிக்கை இல்லையே பாய்.”

“எனக்கு மட்டும் இருக்கா? எங்களுக்குச் சகுனம் பாக்கதே கூடாதுவே. அவருக்கு இருக்கு. குருவி பொழைக்கணுமா, உம்ம பேச்சு சுத்தமா இருக்கணுமா?”

வன்னியராஜ் இரண்டு நாள் தள்ளினார். அந்த இரண்டு நாளும் மேகம். வெள்ளிக்கிழமை அண்ணாச்சி கடைக்குச் சூடம் காட்டி முடித்ததும் பக்கத்தில் போய்ச் சொன்னார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. சாவுததுக குறிவச்ச மாதிரி நம்ம வாசல்லயே விழுது. எனக்கு என்னமோ சரியாப் படல.”

அண்ணாச்சி சூடத் தட்டைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. “எத்தன நாளா?” என்று மெதுவாகக் கேட்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார். சேக் முகம்மது தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா மொதலாளி, சரியா வாசல்லதான்” என்றார். அன்று மதியமே காரை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கல்லிடைக்குறிச்சிக்குப் போனார் என்று மேனேஜர் சொன்னார். அங்கே அவர் குடும்பத்துக்கு வழக்கமாகப் பார்க்கிற ஜோசியர் இருக்கிறார்.

மாலை வன்னியராஜ் மாடிக்கு ஏறி, பீம் லைட்டைக் கழற்ற வேண்டிய திருகுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டு வைத்தார். வீட்டில் தனலட்சுமி, “என்ன, இன்னைக்கு மொகம் தெளிஞ்சிருக்கு?” என்று கேட்டாள்.

சனிக்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். நெற்றியில் பெரிய குங்குமம். வன்னியராஜின் தோளைத் தொட்டார். அப்படித் தொடுகிறவர் இல்லை.

“நல்லவேளை நீ சொன்னலே. இல்லன்னா நான் கவனிச்சே இருக்க மாட்டேன். வாசல்ல இருட்டு வந்து அண்டியிருக்காம். அது தாங்காமத்தான் உசுரு விழுதாம்.”

“அப்போ லைட்ட…”

“அதத்தான் சொல்ல வாரேன். வாசல்ல அணையா வெளக்கு ஒண்ணு. அது போக, கடையில ராத்திரி ஒரு வெளக்குகூட அணையக் கூடாது. தீவாளியோட நிறுத்தக் கூடாது, திருக்கார்த்திகை கழியுத வரைக்கும் எரியணுமாம். கிழக்குச் சுவர் சும்மா இருட்டாக் கெடக்கு பாரு, அங்கனயும் கெட்டிரு. நீயே செய். கைராசி உள்ளவன் நீ.”

கார்த்திகை கழிவதற்குள் வடக்கிலிருந்து வர வேண்டியவை எல்லாம் இந்த வெளிச்சத்துக்கு மேலேயே வந்து முடிந்துவிடும்.

“அண்ணாச்சி, நான் சகுனம்னு சொன்னது சும்மா சொன்னது. வெளிச்சத்தாலதான் சாவுது. லைட்ட அணைக்க வைக்கணும்னு அப்படிச் சொல்லிட்டேன். அவ்வளவுதான்.”

அண்ணாச்சி அவரை இரக்கத்தோடு பார்த்தார். “பயப்படாதலே. சொன்னவனுக்கு ஒண்ணும் வராது. பரிகாரம் வாங்கியாச்சுல்லா.”

“பயமில்ல அண்ணாச்சி. நெசமாவே…”

“போ, பைய யோசிச்சுக் கெட்டு. கிழக்க பச்ச லைட்டு போடு, எடுப்பா இருக்கும்.”

அவர் கட்டினார். கிழக்குச் சுவரில் ஒரு வரிசையும் தொய்யவில்லை. சேக் முகம்மதுவுக்குப் புது உத்தரவு: விழுந்தவற்றை யார் கண்ணிலும் படாமல் விடியும் முன்னே அப்புறப்படுத்த வேண்டும். “வாய வச்சிக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்வே” என்றார் அவர். அண்ணாச்சியிடம் சொன்னது பாய் இல்லை, தான்தான் என்பது வன்னியராஜுக்குத் தெரியும்.

வெளுக்கும் நேரத்தில் கடை முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தார். கையில் துண்டு. கண்ணாடிப் பக்கம் ஏதாவது தாழ்ந்து வந்தால் துண்டை வீசுவார். சில விலகிப் போயின. முகப்பு அகலத்துக்கு ஒரு ஆளும் ஒரு துண்டும் போதாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இரவுத் தண்ணி இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். பரிகாரத்தில் தானும் ஒரு பங்கு செய்கிறான் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார்.

தீபாவளி முடிந்து கூட்டம் குறைந்த ஒரு காலை, மாடி விளிம்பில் இடது ஓரத்து வரிசை ஒன்று எரியாமல் கிடந்தது. மழையில் ஜாயின்ட் விட்டுப்போயிருக்கும். வந்து நின்றதுமே வன்னியராஜ் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டும் ஏணியை எடுக்கவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் அந்த மூலை மட்டும் கறுப்பாக, அடங்கி இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியின் கீழே அன்று ஒன்றும் விழவில்லை. சேக் முகம்மதுவும் கவனித்திருந்தார்.

அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. அணையா விளக்குக்கு எண்ணெய் ஊற்ற அவரே வருவது வழக்கமாகியிருந்தது. எண்ணெய் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“ஏலே வன்னியராஜ், இடது பக்கம் ஒரு வரிசை அணைஞ்சு கெடக்கே. நீ பாக்கலையா?”

“பாத்தேன் அண்ணாச்சி.”

“பாத்துட்டா நிக்க?”

வன்னியராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியிலிருந்து ஏணியை எடுத்தார். சேக் முகம்மது வந்து அடியைப் பிடித்துக்கொண்டார். மேலே ஏறி, நனைந்த வயரைத் துடைத்து, முறுக்கி, டேப் சுற்றினார். வரிசை எரிந்தது. நேராக இருக்கிறதா என்று கீழே நின்ற அண்ணாச்சி பார்த்துச் சொன்னார்.

நேராக இருந்தது.